‘மூவரசுக் காதை’யில் வரலாறும் விசுவாசமும்: ஓர் எளிய அறிமுகம்

சீனத்தின் பழைய பெருநாவல்களில் ஒரு வகை, ஓர் அரச மரபு சிதைந்து விழும் காலத்தைக் களமாகக் கொண்டது. இவ்வகை நூலை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. இதில் எது வரலாறு, எது கற்பனை என்பது ஒன்று. அழிவு உறுதியாகிவிட்ட ஓர் அரசுக்காக இத்தனை பேர் ஏன் உயிரைக் கொடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்நாவல்கள் வரலாற்றின் முடிவில் கை வைப்பதில்லை. அந்த முடிவை நோக்கி நடக்கும் மனிதர்களின் விசுவாசத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக, நடுவில் உள்ள நிகழ்ச்சிகளையும் குணங்களையும் மட்டும் மாற்றிக்கொள்கின்றன. இதற்கு மிகச் சிறந்த சான்று, ஹான் பேரரசின் வீழ்ச்சியைச் சொல்லும் ‘மூவரசுக் காதை’. சீனத்தில் இதன் பெயர் ‘சான்குவோ யன்யி’. வரலாற்று ஏடுகளில் சுருக்கமாகக் கிடப்பதை எடுத்து விரித்து, அதன் பொருள் பாமரருக்கும் விளங்கும்படி சொல்லும் கதைவடிவத்துக்கே ‘யன்யி’ என்று பெயர்.

இந்நூல் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லுவோ குவான்ஜோங் என்பவருடையது என்று மரபு சொல்கிறது. இன்று கிடைக்கும் மிகப் பழைய அச்சுப் பதிப்பு 1522-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் சீனர்கள் பெரும்பாலும் படிப்பது அந்தப் பதிப்பை அன்று. 17-ஆம் நூற்றாண்டில், சிங் ஆட்சியின் தொடக்கக் காலத்தில், மாவ் லுன் என்பவரும் அவர் மகன் மாவ் ஜோங்காங்கும் திருத்தி, உரையெழுதிய, 120 அத்தியாயங்கள் கொண்ட பதிப்பே பரவலாக வழங்குகிறது. நீண்ட காலம் பிரிந்த நாடு கூடும், நீண்ட காலம் கூடிய நாடு பிரியும் என்ற பொருளில் தொடங்கும் புகழ்பெற்ற முதல் வரிகூட மாவ் குடும்பத்தார் சேர்த்ததுதான்.

கதைக்குள் நுழையுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஹான் பேரரசு கி.மு. 202 முதல் கி.பி. 220 வரை, இடையில் ஒரு சிறு முறிவோடு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நீடித்தது. அதன் இறுதிக்காலத்தில் அரண்மனையில் அண்ணகர்களின், அதாவது விதையகற்றப்பட்ட அரண்மனைப் பணியாளர்களின், கை ஓங்கியிருந்தது. 184-இல் மஞ்சள் தலைப்பாகையினர் என்ற சமயக் கிளர்ச்சியாளர்கள் நாடெங்கும் எழுந்தார்கள். அவர்களை அடக்குவதற்காகப் படை திரட்டிய மாகாணத் தலைவர்கள், அடக்கிய பிறகு படையைக் கலைக்கவில்லை. 189-இல் டோங் ஜுவோ என்ற படைத்தலைவன் தலைநகர் லுவோயாங்கில் நுழைந்து, இருந்த பேரரசனை இறக்கிவிட்டுச் சிறுவனான ஷியானை அரியணையில் அமர்த்தினான். அன்று முதல் பேரரசர் ஷியான் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டேயிருந்து, 196-இல் சாவ் சாவின் பாதுகாப்புக்கு, அதாவது பிடிக்குள், வந்து சேர்ந்தார்.

சாவ் சாவ் வடக்கைத் தன் ஆட்சிக்குக் கீழ்க் கொண்டுவந்தார். 208-இல் செம்பாறைப் போரில் தெற்கைப் பிடிக்க முடியாமல் தோற்றார். அவர் இறந்த 220-ஆம் ஆண்டிலேயே அவருடைய மகன் சாவ் பீ, பேரரசர் ஷியானைப் பதவி துறக்கச் செய்து வெய் அரசை நிறுவினான். அடுத்த ஆண்டு, ஹான் அரச குடும்பத்தின் தொலைதூரக் கிளையில் வந்தவராகச் சொல்லிக்கொண்ட லியூ பெய், மேற்கே செங்டு நகரில் முடிசூடினார். இவருடைய அரசைப் பிறர் ஷூ என்றார்கள். அவர்களோ தங்களை ஹான் என்றே அழைத்துக்கொண்டார்கள். தென்கிழக்கில் சுன் சுவான் 229-இல் வூ அரசின் பேரரசனாகத் தன்னை அறிவித்தான். ஷூ 263-இல் வெய்யிடம் வீழ்ந்தது. வெய்யை 266-இல் அதன் சொந்த அமைச்சர் குடும்பமான சிமா குடும்பமே விழுங்கி ஜின் அரசை நிறுவியது. வூ 280-இல் ஜின்னிடம் சரணடைந்தது. மூவரில் ஒருவரும் வெல்லவில்லை.

யாருடைய வரலாறு?

நாவலின் வேர் சென் ஷோ எழுதிய ‘மூவரசு வரலாறு’. இவர் ஷூ நாட்டில் பிறந்து, அங்கே ஊழியம் செய்து, நாடு வீழ்ந்தபின் ஜின் அரசில் பணிபுரிந்தவர். ஜின் அரசு தன் உரிமையை வெய்யிடமிருந்து பெற்றதால், வெய் முறையான அரசு இல்லையென்றால் ஜின்னும் முறையற்றதாகிவிடும். ஆகவே சென் ஷோவின் நூலில் வெய் மன்னர்களுக்கு மட்டுமே பேரரசர்களுக்குரிய ஆண்டுவரலாறு உண்டு. லியூ பெய்யும் சுன் சுவானும் தனிமனித வாழ்க்கை வரலாறுகளாக அடக்கப்பட்டார்கள். அப்படியும் அவருடைய பழைய மண்ணின் பாசம் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. சுன் சுவானைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர், லியூ பெய்யை மட்டும் ‘முதல் தலைவர்’ என்று மரியாதையோடு குறிக்கிறார். ஓர் ஊழியர் தம் புதிய முதலாளிக்கு எழுதும் வரலாற்றில் இதற்கு மேல் செய்ய முடியாது.

சென் ஷோவின் நடை மிகச் சுருக்கமானது. அதனால் 429-இல் பெய் சோங்ஜி என்ற அறிஞர், நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்து அதற்கு விரிவான குறிப்புரை சேர்த்தார். ஒரே நிகழ்ச்சிக்கு ஒன்றுக்கொன்று முரணான மூன்று செய்திகள் இருந்தால் மூன்றையும் அப்படியே கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அவர் மேற்கோள் காட்டிய நூல்களில் பெரும்பாலானவை பின்னர் அழிந்துபோயின. நாவலாசிரியருக்கு இந்தக் குறிப்புரை ஒரு பெரும் களஞ்சியமாக அமைந்தது.

முறையான வாரிசு யார் என்ற வழக்கு அடுத்த ஆயிரம் ஆண்டுகள் ஓயவில்லை. 1084-இல் முடிந்த தம் பெருவரலாற்றில் சிமா குவாங், காலக்கணக்குக்கு வசதியாக வெய் ஆண்டுகளைப் பின்பற்றினார். யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை என்றும் விளக்கினார். ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் ஜூ ஷீ என்ற தத்துவ அறிஞர், ஷூவே ஹானின் உண்மையான தொடர்ச்சி என்று திட்டவட்டமாகத் தீர்ப்பளித்தார். அவர் வாழ்ந்த நிலையை நினைத்தால் காரணம் விளங்கும். சோங் அரசு 1127-இல் வடசீனத்தை ஜூர்சென் இனத்தாரிடம் இழந்து தெற்கே ஒதுங்கியிருந்த காலம் அது. வடக்கை வைத்திருப்பவனே முறையான அரசன் என்று ஒப்புக்கொண்டால், தம் சொந்த அரசின் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக ஆகும். மூலைக்கு ஒதுக்கப்பட்டாலும் உரிமை உரிமைதான் என்று காட்டுவதற்கு ஷூ அவருக்குத் தேவைப்பட்டது.

அறிஞர்களின் வழக்கு இப்படியிருக்க, தெருவில் தீர்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது. 11-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி ஒரு செய்தியைப் பதிவுசெய்திருக்கிறார். வீட்டில் தொல்லை கொடுக்கும் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துக் கதை கேட்க அனுப்புவார்களாம். மூவரசுக் கதையில் லியூ பெய் தோற்கும் இடத்தில் அவர்கள் முகம் சுளித்து அழுவார்கள், சாவ் சாவ் தோற்கும் இடத்தில் குதூகலித்துக் கூச்சலிடுவார்கள். ஆக, லுவோ குவான்ஜோங்குக்குக் கிடைத்தவை இரண்டு: வெய்யை முறையான அரசாக வைத்து எழுதப்பட்ட அரசாங்க வரலாறு, லியூ பெய்க்காக அழும் மக்களின் வாய்மொழிக் கதை. முதலாவதின் எலும்புக்கூட்டையும் இரண்டாவதின் உணர்ச்சியையும் அவர் எடுத்துக்கொண்டார்.

எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை

18-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜாங் சுவெசெங், இந்நூலில் ஏழு பங்கு உண்மையும் மூன்று பங்கு கற்பனையும் இருப்பதாகச் சொன்னார். இன்று இதைப் பாராட்டுப் போலப் பலர் எடுத்துச் சொல்வதுண்டு. அவரோ குறையாகவே சொன்னார். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள், இந்தக் கலவைதான் வாசகரைக் குழப்புகிறது என்பது அவர் வருத்தம்.

அந்த மூன்று பங்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் போதும். டோங் ஜுவோவிடமிருந்து தப்பியோடும் சாவ் சாவ், லூ போஷ என்ற குடும்ப நண்பரின் வீட்டில் தங்குகிறார்; அங்குள்ளோரைக் கொன்றுவிட்டுப் போகிறார். பெய் சோங்ஜியின் குறிப்புரையில் இதற்கு மூன்று வடிவங்கள் உள்ளன. வெய் தரப்பு நூல், லூ போஷ வெளியே போயிருந்தபோது அவருடைய பிள்ளைகள் சாவ் சாவின் குதிரையையும் பொருளையும் பறிக்க முயன்றதால் அவர் தற்காப்புக்காகக் கொன்றார் என்கிறது. இரண்டாவது நூல், பிள்ளைகள் நன்றாகவே உபசரித்தார்கள், சாவ் சாவ்தான் சந்தேகத்தால் இரவில் எட்டுப் பேரைக் கொன்றார் என்கிறது. மூன்றாவது நூல், பாத்திரங்களின் ஓசையைக் கேட்டு ஆயுதங்கள் என்று தவறாக எண்ணிக் கொன்றார் என்றும், பிறகு மனம் வருந்தி, பிறர் எனக்குத் துரோகம் செய்வதைவிட நான் பிறருக்குத் துரோகம் செய்வது மேல் என்று சொன்னார் என்றும் கூறுகிறது.

நாவலின் நான்காம் அத்தியாயம் மூன்றாவது வடிவத்தை எடுத்து மூன்று திருத்தங்கள் செய்கிறது. வெளியே போயிருந்த லூ போஷவை, விருந்தாளிக்காக மது வாங்கிக்கொண்டு திரும்பிவரும் வழியில் சந்திக்க வைத்து, தவறு தெரிந்த பின்னரும் சாவ் சாவ் அவரையும் வெட்டிவிடுவதாகக் காட்டுகிறது. வருத்தத்தோடு சொல்லப்பட்ட சொற்களை வருத்தமின்றிச் சொல்ல வைத்து, ‘பிறர்’ என்ற இடத்தில் உலகம் முழுவதையும் வைக்கிறது. அந்த இடத்தில் உண்மையில் இல்லாத சென் கோங் என்ற அதிகாரியைச் சாட்சியாக நிறுத்துகிறது. சாவ் சாவ் ஹானைக் காக்கப் புறப்பட்ட உத்தமர் என்று நம்பிப் பதவியைத் துறந்து உடன்வந்தவர் இந்தச் சென் கோங். இந்தச் சொற்களைக் கேட்டு, இரவோடிரவாக அவரை விட்டு நீங்குகிறார். விசுவாசத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு மனிதன் தேர்ந்தெடுத்து, தேர்வு தவறு என்று கண்டு, திரும்பப் பெறுவதை நாம் நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சாட்சி உருவாக்கப்பட்டிருக்கிறார்.

எதிர்த்திசையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. லஞ்சம் எதிர்பார்த்த மேலதிகாரியைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பது நாவலில் லியூ பெய்யின் சபதத் தம்பியும் முரட்டுத்தனத்துக்குப் பேர்போனவருமான ஜாங் ஃபெய். சென் ஷோவின் வரலாற்றில் ஓர் அதிகாரியை அப்படி அடித்தவர் லியூ பெய்யேதான். சாந்தமே உருவான தலைவர் கையில் சவுக்கு பொருந்தாது என்று கருதி, அதைத் தம்பி கைக்கு மாற்றிவிட்டார்கள்.

இவ்வளவு துணிந்தவர்கள் ஓரிடத்தில் துணியவில்லை. செம்பாறையில் சாவ் சாவ் இறப்பதில்லை, வடதிசைப் போர்களில் ஷூவின் முதலமைச்சர் ஜூகே லியாங் வெல்வதில்லை, ஷூ பிழைப்பதில்லை. கேட்கும் பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் முடிவு மாறாது. ஆசிரியர் வெற்றியைக் கொடுக்க முடியாத தரப்புக்கு வேறு எதைக் கொடுக்கலாம் என்று தேடியதன் விளைவே இந்நாவலின் அறவுலகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு விசுவாசங்கள்

சீன மரபு இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்துப் பேசுகிறது. ஒன்று ‘ஜோங்’: குடிமகனும் அமைச்சரும் அரசனுக்கும் அரசுக்கும் காட்ட வேண்டிய விசுவாசம். மற்றொன்று ‘யி’: வாக்குக் கொடுத்த நண்பனுக்கும், உதவி செய்தவனுக்கும், உடன்பிறப்பாக ஏற்றுக்கொண்டவனுக்கும் செய்ய வேண்டிய நேர்மை. அமைதியான காலத்தில் இவ்விரண்டும் ஒரே திசையில் ஓடும். அரசன் பிறர் கையில் பொம்மையாகிவிட்ட காலத்தில் இவை பிரிகின்றன.

பீச் மரத்தோட்டத்தில் லியூ பெய், குவான் யூ, ஜாங் ஃபெய் மூவரும் ஒரே நாளில் சாவதாகச் சபதம் செய்யும் முதல் அத்தியாயக் காட்சி வரலாற்றில் இல்லை. மூவரும் ஒரே படுக்கையில் உறங்கினார்கள், சகோதரர்களைப் போல அன்பு கொண்டிருந்தார்கள் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. நாவல் அந்தச் சபதத்தில் நாட்டைக் காப்பதையும் சகோதரர்களாக இருப்பதையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. பின்வரும் நூறு அத்தியாயங்களில் அந்தக் கட்டு எங்கெங்கே அவிழ்கிறது என்று பார்ப்பது இந்நூலைப் படிக்க ஒரு நல்ல வழி.

கி.பி. 200-இல் லியூ பெய் தோற்று ஓட, குவான் யூ சாவ் சாவிடம் பிடிபடுகிறார். வரலாற்றின்படி சாவ் சாவ் அவரை மிகுந்த மதிப்போடு நடத்தினார். லியூ பெய்யோடு சேர்ந்து சாவதாக வாக்களித்திருக்கிறேன், இங்கே தங்கமாட்டேன், ஆனால் பெற்ற உபகாரத்துக்கு ஈடு செய்துவிட்டே போவேன் என்று குவான் யூ, சாவ் சாவின் தளபதி ஜாங் லியாவிடம் சொன்னார். எதிரித் தளபதி யன் லியாங்கைக் கொன்று கடனைத் தீர்த்தார். கிடைத்த பரிசுகளையெல்லாம் முத்திரையிட்டு வைத்துவிட்டுப் புறப்பட்டார். அவரவர் தத்தம் தலைவனுக்கு ஊழியம் செய்கிறார்கள், துரத்த வேண்டாம் என்று சாவ் சாவ் தடுத்துவிட்டார். இதுவே போதுமான கதை. நாவலுக்குப் போதவில்லை. சரணடைவதை மூன்று நிபந்தனைகளால் தூய்மையாக்குகிறது. அவற்றில் முதலாவது, தான் சரணடைவது ஹான் பேரரசருக்கே தவிர சாவ் சாவுக்கு அன்று என்பது. சாவ் சாவ் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். நானே ஹானின் முதலமைச்சன், ஹான் என்றால் நான்தானே என்கிறார். அரசனைக் கையில் வைத்திருப்பவனின் தர்க்கம் முழுவதும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

இந்தக் கடன் 50-ஆம் அத்தியாயத்தில் திரும்ப வருகிறது. செம்பாறையில் தோற்று ஹுவாரோங் பாதை வழியே ஓடிவரும் சாவ் சாவை, அங்கே காத்திருக்கும் குவான் யூ, பழைய உபகாரத்தை நினைத்து விட்டுவிடுகிறார். வரலாற்றில் சாவ் சாவ் அந்தப் பாதையில் சேற்றில் சிக்கித் தப்பினார் என்பது உண்டு. குவான் யூ அங்கே இல்லை. நாவலாசிரியர் வேண்டுமென்றே அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அரசுக்குரிய விசுவாசத்தின்படி சாவ் சாவைக் கொல்ல வேண்டும்; பெற்ற உதவிக்குரிய நேர்மையின்படி விட வேண்டும். தவறினால் தலை கொடுப்பதாகப் படைமுறி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர், இரண்டாவதைத் தேர்ந்து, தலைகுனிந்து திரும்புகிறார். அவரை அங்கே அனுப்பிய ஜூகே லியாங், சாவ் சாவின் ஆயுள் இன்னும் முடியவில்லை என்று விண்மீன்களைப் பார்த்து முன்பே அறிந்திருந்தார். வரலாறு கொல்ல அனுமதிக்காத மனிதனை விட்டுவிடும் பெருமையாவது குவான் யூவுக்குக் கிடைக்கட்டும் என்பது அவர் கணக்கு. முடிவை மாற்றாமல் குணத்தைக் காட்டும் உத்திக்கு இதைவிடத் தெளிவான சான்று நூலில் இல்லை.

இந்தக் குவான் யூ பிற்காலத்தில் கோயில் கொண்ட தெய்வமானார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் கடைகளில் செம்முகத்தோடும் நீண்ட தாடியோடும் வீற்றிருக்கும் உருவத்தைத் தமிழர் பலர் பார்த்திருப்பார்கள்; அவர் இவரே. சென் ஷோவோ, படைவீரர்களிடம் அன்பும் கற்றோரிடம் செருக்கும் காட்டியவர் என்று அவரைச் சுருக்கமாக எடைபோட்டிருக்கிறார். நாவல் அந்தச் செருக்கை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுன் சுவான் தன் மகனுக்குப் பெண் கேட்டபோது குவான் யூ இழிவாகப் பேசி மறுத்ததும், பிறகு வூவின் சூழ்ச்சியில் சிக்கி ஜிங் மாகாணத்தையும் உயிரையும் இழந்ததும் அப்படியே உள்ளன.

அவருடைய சாவுதான் நாவலின் மிகக் கடுமையான முடிச்சைக் கொண்டுவருகிறது. 221-இல் லியூ பெய் முடிசூடியதன் நோக்கமே ஹானைப் பறித்த வெய்யைத் தண்டிப்பது. அவரோ முதல் படையெடுப்பை வூவின் மேல் நடத்துகிறார், தம்பியைக் கொன்றதற்குப் பழிவாங்க. நாட்டின் திருடன் சாவ் குடும்பம், சுன் சுவான் அல்லன் என்று ஷூவின் தளபதி ஜாவ் யுன் தடுக்கிறார். தம்பிக்காகப் பழிவாங்காவிட்டால் இந்தப் பேரரசு இருந்து என்ன பயன் என்பது நாவலில் லியூ பெய்யின் பதில். 222-இல் யீலிங்கில் ஷூவின் படை எரிந்து அழிகிறது. அடுத்த ஆண்டு அவர் இறக்கிறார். பீச் தோட்டத்துச் சபதத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிய செயலே, அதே சபதத்தின் மற்றப் பாதியான ஹானின் மீட்சியைக் கெடுத்தது. ஆசிரியர் லியூ பெய்யைக் குறைசொல்லி ஒரு வரி எழுதுவதில்லை. ஆனால் ஜாவ் யுன்னின் சொல்லை எவரும் மறுக்க முடியாதபடி அங்கே வைத்துவிட்டுப் போகிறார்.

வெய் தரப்பிலும் விசுவாசிகள் உண்டு என்பதைப் புதிய வாசகர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள். ஷுன் யூ என்ற அமைச்சர் இருபது ஆண்டுகள் சாவ் சாவின் மூளையாக இருந்தவர். பேரரசரைத் தன்னிடம் அழைத்துக்கொள்ளுமாறு 196-இல் யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர். சாவ் சாவின் பலத்தால் ஹானைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினார். 212-இல் சாவ் சாவுக்கு வெய் கோமகன் என்ற பட்டம் கொடுக்க மற்றவர்கள் முனைந்தபோது எதிர்த்தார். அதே ஆண்டு இறந்தார். சாவ் சாவ் அவருக்கு ஓர் உணவுப் பெட்டி அனுப்பினார், திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, குறிப்பறிந்து நஞ்சருந்தினார் என்ற செய்தி பழைய குறிப்புரையில் உள்ளது. நாவல் அதை 61-ஆம் அத்தியாயத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஹானுக்கு விசுவாசமாக இருக்க லியூ பெய் பக்கம் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு ஷுன் யூ சான்று. அந்த விசுவாசம் எதைச் சாதித்தது என்று கேட்டால், அவர் பாடுபட்டுக் கட்டிய வெய் அரசைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

வானத்தின் ஆணையும் மனிதரின் பிடிவாதமும்

ஏன் ஹான் வீழ வேண்டும் என்பதற்கு மரபின் விடை, வானத்தின் ஆணை என்ற கொள்கை. ஆட்சியுரிமையை அளிப்பது வானம். மன்னர் நெறிதவறினால் அது வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் ஷாங் மரபை வீழ்த்திய ஜோ மரபினர் தங்கள் வெற்றியை இப்படித்தான் நியாயப்படுத்தினார்கள். இக்கொள்கை வென்றவனுக்கு மிக வசதியானது. தோற்ற மன்னனின் அமைச்சனுக்கோ தீராத சங்கடம். வானமே கைவிட்ட அரசுக்கு விசுவாசமாக இருப்பது நேர்மையா, வானத்தை எதிர்ப்பதா?

ஜூகே லியாங் இந்தச் சங்கடத்தில் கண்களைத் திறந்துகொண்டே இறங்குகிறார். அவருக்குத் தலைவர் வாய்த்துவிட்டார், காலம் வாய்க்கவில்லை என்று 37-ஆம் அத்தியாயத்திலேயே ஒரு துறவி சிரித்துக்கொண்டு சொல்லிவிடுகிறார். 223-இல் மரணப்படுக்கையில் லியூ பெய், என் மகன் தகுதியுள்ளவன் என்றால் துணை நில்லுங்கள், இல்லையென்றால் நீங்களே ஆட்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது சென் ஷோவின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஜூகே லியாங் அழுது, சாகும்வரை உழைப்பதாக வாக்களித்தார்; எடுத்துக்கொள்ளவில்லை. இதே நிலையில் பிற்பாடு வெய்யின் சிமா குடும்பம் என்ன செய்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் அந்த மறுப்பின் எடை தெரியும். நாவலின் 103-ஆம் அத்தியாயத்தில், வெய்யின் படைத்தலைவர் சிமா யீயையும் அவர் மக்களையும் பள்ளத்தாக்கில் அடைத்துத் தீமூட்டியபின் எதிர்பாராத மழை பெய்து அவர்களைக் காப்பாற்றுகிறது. திட்டமிடுவது மனிதன் கையில், முடிப்பது வானத்தின் கையில் என்கிறார் ஜூகே லியாங். இக்காட்சி கற்பனை. 234-இல் வூஜாங் சமவெளியில் போர்முகாமில் அவர் இறந்தது வரலாறு.

இதில் ஒரு முரண் உண்டு. பதவி துறந்த பேரரசர் ஷியான் கொல்லப்படவில்லை. ஷான்யாங் கோமகன் என்ற பட்டத்தோடு, ஹான் சடங்குகளைத் தொடரும் உரிமையோடு வாழ்ந்து, ஜூகே லியாங் இறந்த அதே 234-ஆம் ஆண்டில் அவருக்குச் சில மாதங்கள் முன்னதாக இறந்தார். அவர் கொல்லப்பட்டார் என்று வந்த செய்தியை நம்பித்தான், அல்லது நம்புவது வசதியாக இருந்ததால், செங்டுவில் துக்கம் அனுசரித்து லியூ பெய் முடிசூடினார். நாவல் அதை ஒரு வதந்தி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. யாருக்காக இத்தனை போர்களும் நடந்தனவோ அந்த மனிதர் உயிரோடிருக்கிறார் என்பதை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஹான் மரபுக்கு விசுவாசம் என்பதும் ஹான் பேரரசனுக்கு விசுவாசம் என்பதும் வேறாகிவிட்ட இடம் இது.

வெய்யின் முறை வந்தபோது நாவல் எதையும் விட்டுவைக்கவில்லை. 80-ஆம் அத்தியாயத்தில் சாவ் பீ, மேடை கட்டி, மறுப்பதுபோல் நடித்து, முத்திரையை வாங்கிக்கொண்டான். மாவ் பதிப்பில், பறிக்க வந்தவர்களைச் சபிப்பவர் சாவ் சாவின் மகளும் ஷியானின் அரசியுமான பெண். பழைய மக்கள் பதிப்பு அவரை அண்ணன் பக்கம் சேர்த்திருந்தது தவறு என்று கூறி, வரலாற்று ஏட்டைக் காட்டித் திருத்தினார்கள். 119-ஆம் அத்தியாயத்தில் சிமா யீயின் பேரன் சிமா யன், ஹானிடமிருந்து சாவ் பீ வாங்கினான் என்றால் வெய்யிடமிருந்து நான் ஏன் வாங்கக்கூடாது என்று கேட்டு, அதே போன்ற மேடையைக் கட்டவைக்கிறான். மாதிரியைப் பார்த்துச் சுரைக்காய் வரைந்ததுபோல என்று அத்தியாயத் தலைப்பே கேலி செய்கிறது.

ஷூவின் முடிவு 118-ஆம் அத்தியாயத்தில். எதிரிப்படை செங்டுவை நெருங்க, சியாவ் ஜோ என்ற மூத்த அறிஞர் சரணடையச் சொல்கிறார். லியூ பெய்யின் மகன் லியூ ஷான் ஒப்புக்கொள்கிறான். அவனுடைய மகன் லியூ சென் மட்டும் எதிர்த்து, பாட்டனாரின் கோயிலில் அழுது, தன் குடும்பத்தோடு உயிர்துறக்கிறான். இதுவும் பழைய நூலில் உள்ள செய்திதான். லியூ ஷானோ லுவோயாங்கில் விருந்துண்டு, இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறது, ஷூ நினைவே வரவில்லை என்கிறான். சரணடைவுக்கு யோசனை சொன்ன சியாவ் ஜோதான் வரலாற்றாசிரியர் சென் ஷோவின் ஆசிரியர். அவருடைய யோசனையால் நகர மக்கள் போரிலிருந்து தப்பினார்கள் என்று வாதிடுவோர் அன்றும் இருந்தார்கள். நாவலின் மனம் பேரனிடம் இருக்கிறது.

மற்ற நூல்களும், எங்கே தொடங்குவது என்பதும்

இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்ட நூல்களும் உண்டு. ஷாங் மரபின் வீழ்ச்சியைச் சொல்லும் மிங் காலத்துப் புராண நாவலான ‘ஃபெங்ஷென் யன்யி’யில், கொடுங்கோலனுக்குக் கடைசிவரை உழைத்த அமைச்சர் வென் ஜோங்கும், அவனைவிட்டு எதிர்ப்பக்கம் போன ஹுவாங் ஃபெய்ஹூவும் இறந்தபின் ஒரே பட்டியலில் தெய்வங்களாகப் பதவி பெறுகிறார்கள். வானத்தின் ஆணைக்கும் தனிமனித விசுவாசத்துக்கும் உள்ள மோதலைத் தெய்வலோகத்தில் சமரசம் செய்துவைப்பது எளிய வழி. அதனாலேயே எனக்கு அது மூவரசுக் காதை அளவுக்கு உறுத்துவதில்லை. சோங் காலத்து 108 வீரர்களைப் பற்றிய ‘ஷுய்ஹு ஜுவான்’ நேரெதிர். அதில் தலைவன் சோங் ஜியாங் அரசின் மன்னிப்பை ஏற்று, அரசுக்காகப் போரிட்டு, பின் அரசவைத் தீயோர் அனுப்பிய நஞ்சு மதுவைக் குடிக்கிறான். தனக்குப் பிறகு கலகம் செய்துவிடுவான் என்று அஞ்சி உயிர்த்தோழன் லி குய்க்கும் அதையே கொடுக்கிறான். 17-ஆம் நூற்றாண்டில் ஜின் ஷெங்டான் என்ற விமர்சகர் இந்தப் பின்பகுதி முழுவதையும் வெட்டியெறிந்து 70 அத்தியாயங்களோடு நிறுத்தினார். கொள்ளையருக்கு அரசவிசுவாசப் பட்டம் கொடுப்பதை அவர் ஒப்பவில்லை.

மூவரசுக் காதையைத் தொடங்குபவர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் பத்தாம் அத்தியாயத்துக்குள் மூச்சு முட்டிவிடும். முதலில் நான்காம் அத்தியாயம், பிறகு குவான் யூ பிடிபட்டுத் திரும்பும் 25 முதல் 28 வரை, ஜூகே லியாங்கைத் தேடிப்போகும் 37, 38, செம்பாறைப் போரின் 43 முதல் 50 வரை, அதன்பின் 77 முதல் 85 வரை என்று படித்துவிட்டு முழுநூலுக்கு வரலாம். பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புதிய ஆள் ஒருவர் வரும்போது அவர் யாரிடம் ஊழியம் செய்கிறார், இதற்குமுன் யாரிடம் இருந்தார், ஏன் மாறினார் என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். 85-ஆம் அத்தியாயத்தை எட்டும்போது அந்தத் தாளில் தலைவனை ஒருமுறைகூட மாற்றாதவர்கள் எவ்வளவு குறைவு என்பது தெரியும்.